ஆடுகளத்தின் விலை விரிப்பில் இல்லை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. எழுவான்கரையின் மணல் மைதானங்களிலும் படுவான்கரையின் வயலோரத் திடல்களிலும் மாலை வேளைகளில் ஆட்டம் நடக்கிறது. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி மென்பந்து ஆட்டம். கடினபந்துக்கு மாற விரும்பும் கழகம் முதலில் முட்டிக்கொள்வது ஆடுகளத்தில்தான். அதனால்தான் கழகக் கூட்டங்களில் "செயற்கை ஆடுகளம் ஒன்று போட எவ்வளவு முடியும்?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கேள்வி சரியானது. அதற்குத் தேடப்படும் விடைதான் பெரும்பாலும் பிழைத்துப் போகிறது. ஒரு சதுர மீற்றர் பச்சை விரிப்பு என்ன விலை, அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவர எவ்வளவு, வெளிநாட்டிலிருக்கும் பழைய உறுப்பினர் எத்தனை பேர் பணம் அனுப்புவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். விரிப்பு வந்து சேர்கிறது, படம் எடுக்கப்படுகிறது, திறப்புவிழா நடக்கிறது. விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது, விரிப்புத் தேய்ந்த பின் என்ன செய்வது என்ற இரண்டையும் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. வாவிக்கரையில் ஓர் ஆடுகளம் நிலைப்பதும் குலைவதும் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. ஆகவே கழகங்கள் தங்கள் பணத்தை முதலில் தளத்துக்குச் செலவிட வேண்டும், விரிப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், அந்தத் தளத்தையும் தனியாக அல்லாமல் அயல் கழகங்களோடு சேர்ந்தே போட வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். விக்கெட்டுக்கும் விக்கெட்டுக்கும் இடையில் 22 யார், அதாவது 20.12 மீற்றர். இயற்கை ஆடுகளத்தின் அகலம் 10 அடி. செயற்கை ஆடுகளத்துக்குக் கிரிக்கெட் விதிகள் கொஞ்சம் தளர்வு தருகின்றன: குறைந்தபட்சம் 58 அடி நீளமும் 6 அடி அகலமும் இருந்தால் போதும். ஆனால் விதி அனுமதிக்கும் குறைந்த அளவில் போட்டுவிட்டு மிச்சம் பிடித்ததாக மகிழ்வது புத்தியல்ல. பந்துவீச்சாளரின் பின்கால் விக்கெட்டுக்குப் பின்னால் விழுகிறது. அந்த இடம் வெறும் மணலாக இருந்தால் சில வாரங்களிலேயே குழி விழும், வீசுபவரின் கணுக்கால் திரும்பும். அவுஸ்திரேலியக் கழகங்கள் பல தலைமுறைகளாகச் செயற்கை ஆடுகளத்தில் விளையாடுகின்றன. அங்கே பரிந்துரைக்கப்படும் நீளம் 25 முதல் 28 மீற்றர், அகலம் 2.4 முதல் 2.8 மீற்றர். நாம் 28 மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமும் எடுத்துக்கொண்டால் 70 சதுர மீற்றர் வருகிறது. நான்கு அங்குலக் கனத்தில் கொங்கிறீட் போட்டால் ஏழு கன மீற்றர். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற வழக்கமான கலவையில் இதற்குச் சுமார் 45 மூடை சீமெந்து வேண்டும். மணல் ஒரு கியூப்பைச் சற்றுத் தாண்டும், முக்கால் அங்குலச் சல்லி இரண்டு கியூப்புக்கு மேல் போகும். அடியில் ஆறு அங்குலம் கிறவல் இட்டு இறுக்க நான்கு கியூப் தேவைப்படும். ஒரு சிறிய வீட்டுக்குத் தளம் போடும் மேசன் எவரும் இந்தப் பொருட்களைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவார். வெளிநாட்டு நிறுவனம் வந்து செய்ய வேண்டிய மர்மம் இதில் எதுவும் இல்லை. கூலியும் பொருளும் ஊருக்குள்ளேயே சுழலும் செலவு இது.

அதே வேளை, வாவிக்கரையின் நிலத்தை அறியாதவர் போட்ட தளம் நிலைக்காது. எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு. மணல் நீரை விரைவாக வடியவிடும், நன்றாக இறுக்கினால் அசையாமலும் கிடக்கும். அங்கே ஆபத்து உப்பிலிருந்து வருகிறது. கடற்காற்றும் உவர் நிலத்தடி நீரும் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துத் தளத்தை வெடிக்கவைக்கும். ஆடுகளத் தளம் பாரம் தாங்கும் கூரை அல்ல, மண்ணில் கிடக்கும் பலகை. அதனால் கம்பியைக் குறைத்து, இடையிடையே ஒழுங்கான வெட்டுக்கோடு விட்டு, ஆற்று மணலும் நல்ல தண்ணீரும் பயன்படுத்தினால் இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். வாவி மணலையோ கடல் மணலையோ கலவையில் சேர்த்து மிச்சம் பிடிப்பவர் பின்னால் இரட்டிப்பாகக் கொடுப்பார். படுவான்கரையில் சிக்கல் வேறு. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்து வயல் மண்ணில் களி மிகுதி. அது மாரியில் ஊதும், கோடையில் பிளக்கும். அதன்மீது நேரடியாகப் போட்ட தளம் இரண்டு மாரிக்குள் நடுவில் முறியும். மேல் மண்ணை வெட்டி எடுத்து, கிறவலை அடுக்கடுக்காக இறுக்கி, சுற்றுத் தரையைவிடத் தளத்தை உயர்த்தி, சுற்றி வடிகால் விட வேண்டும். 2011 சனவரியில் இந்த மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. அதன் பிறகும் பல மாரிகளில் மைதானங்கள் வாரக்கணக்கில் நீருக்குள் இருந்திருக்கின்றன. ஆடுகளத்தின் ஒரு பக்கத்துக்கு மெல்லிய சரிவு கொடுக்காமல் விட்டால் நீர் தேங்கும், விரிப்பை ஒட்டிய பசை கழன்றுவிடும். கொங்கிறீட்டுக்கு அடியில் ஒரு பொலித்தீன் படலம் விரித்தால் கீழிருந்து ஏறும் ஈரம் நிற்கும். முழுச் செலவில் அதன் பங்கு மிகச் சொற்பம், விட்டுவிடுவதால் வரும் நட்டமோ மிகப் பெரிது.

இனி விரிப்பு. அது இறக்குமதிப் பொருள், டொலரில் விலை பேசப்படுவது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. அந்த வருட நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் 300 ரூபாவை அண்டி வந்து நின்றது. ஆயிரம் டொலர் பெறுமதியான விரிப்பு ஒன்றுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு இலட்சம் கொடுத்திருக்கலாம், சில மாதங்களில் அதற்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. கப்பல் கூலியும் தீர்வையும் இதற்கு மேல். இப்படி ஒரு கழகத்தின் கைக்கு அப்பாற்பட்ட விசைகள் தீர்மானிக்கும் விலையை ஆடுகளத்தின் முதல் செலவாக வைப்பது தவறான வரிசை. விரிப்புக்கு ஆயுளும் குறைவு. குளிர்நாடுகளில் எட்டு முதல் பத்து ஆண்டு உழைக்கும் விரிப்பு, கச்சான் காற்றும் பங்குனி வெயிலும் சேர்ந்து காயவைக்கும் நம் மைதானத்தில் அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்பித் திட்டமிடக்கூடாது. நன்றாகப் போட்ட தளமோ இரண்டு, மூன்று விரிப்புகளின் காலத்தைத் தாண்டிக் கிடக்கும். நீண்டு நிலைப்பதற்குக் குறைவாகவும் விரைவில் தேய்வதற்கு அதிகமாகவும் செலவு செய்தால், முதல் விரிப்புப் போனதோடு ஆடுகளமும் போய்விடுகிறது. கிழிந்த பச்சைத் துணியும் வெடித்த சீமெந்தும்தான் மிச்சம்.

அப்படியானால் விரிப்பு வாங்கப் பணம் சேரும்வரை தளத்தை வெறுமனே கிடக்கவிடுவதா? வெறும் சீமெந்தில் கடினபந்து ஆடக்கூடாது என்பது உண்மை. பந்து கன்னாபின்னாவென்று எழும்பும், அதன் தோலும் விரைவில் உரிந்துபோகும். அதற்குப் பழைய, சோதிக்கப்பட்ட வழி ஒன்று இருக்கிறது: தும்பினால் நெய்த மற்றிங். தும்பு ஏற்றுமதியில் இந்தியாவோடு முன்வரிசையில் நிற்கும் நாட்டில், தென்னை நிறைந்த கரையோரத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான பொருள் அல்ல. டெஸ்ட் கிரிக்கெட்டே நீண்டகாலம் மற்றிங்கில் நடந்திருக்கிறது. தென்னாபிரிக்காவில் 1913–14 பருவத்தில் இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் நான்கே டெஸ்ட்களில் 49 விக்கெட் எடுத்தது மற்றிங் ஆடுகளங்களில்தான். ஒரே தொடரில் எடுக்கப்பட்ட விக்கெட்டுகளில் இன்றும் அதை எவரும் தாண்டவில்லை. பாகிஸ்தானில் 1959 டிசம்பரில் கராச்சியில் அவுஸ்திரேலியாவோடு நடந்த ஆட்டமே மற்றிங்கில் நடந்த கடைசி டெஸ்ட். யாழ்ப்பாணத்துப் பாடசாலைக் கிரிக்கெட்டும் பல தலைமுறைகளாக மற்றிங்கிலேயே வளர்ந்தது. இதற்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இழுத்துக் கட்ட வேண்டும், தளர்ந்தால் பந்து எகிறும், மழையில் நனையவிட்டால் உக்கும், ஓரம் பிரியும். ஆனால் அந்தக் குறைகளைக் கழக இளைஞர்களின் கைகளே தீர்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி அறைக்குள் வைத்துவிட்டால் மைதானத்தில் மேயும் மாடும் குறுக்கே ஓடும் மோட்டார் சைக்கிளும் அதைத் தொடமுடியாது. ஒட்டிய விரிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இங்கே கிரிக்கெட்டை ஆழமாக அறிந்தவர்களிடமிருந்து ஒரு வலுவான மறுப்பு எழும். கொழும்பில் தெரிவு நடப்பது புற்தரை ஆடுகளத்தில், முதற்தரக் கழகங்கள் ஆடுவதும் அதில்தான், செயற்கைத் தளத்தில் பழகிய பிள்ளை அங்கே போய்த் தடுமாறும், ஆகவே பணம் கிடைத்தால் புற்தரைக்கே போடுங்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. செயற்கைத் தளத்தில் பந்து சீராகவும் சற்று உயரமாகவும் எழும்பும். காலையில் ஈரத்தோடு இருந்து மாலையில் வெடித்துத் திரும்பும் புற்தரையின் மாற்றங்களை அதில் கற்க முடியாது. மட்டக்களப்பில் கோட்டைமுனை விளையாட்டுக் கிராமம் புற்தரை ஆடுகளத்தை அமைத்துக் காட்டியிருக்கிறது. மாவட்டத்தின் சிறந்த வீரர்கள் அதில் ஆட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு கழகமும் புற்தரைக்கு ஆசைப்படுவது வேறு விடயம். புற்தரைக்கு முதலில் ஏற்ற களிமண் வேண்டும். இலங்கையில் அதற்குப் பெயர்பெற்ற முருங்கன் மண் மன்னார்ப் பக்கத்திலிருந்து வர வேண்டியது. உருளை வேண்டும், வெட்டும் இயந்திரம் வேண்டும், முழுநேரக் களப் பராமரிப்பாளர் வேண்டும், மழைக்கு மூட விரிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நாள்தோறும் நல்ல தண்ணீர் வேண்டும். எழுவான்கரையில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். கச்சான் மாதங்களில் வீட்டுக் கிணறே உவர்க்கும் ஊரில், புல்லுக்கு நாள்முழுக்க நீர் இறைக்கும் உரிமை ஒரு கழகத்துக்கு இல்லை. ஒரே புற்கீற்றில் அடுத்தடுத்து ஆடவும் முடியாது. ஓர் ஆட்டத்துக்குப் பின் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஏழு நாளும் பிள்ளைகள் பயிலும் இடமாக அது ஒருபோதும் இராது.

செயற்கைத் தளத்தில் பழகியவர் புற்தரையில் எடுபடார் என்ற மறுபாதி வரலாற்றோடு ஒட்டவில்லை. பாகிஸ்தானின் பசல் மஹ்மூத் 1952இல் லக்னோவில் சணல் மற்றிங்கில் இந்தியாவுக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். மற்றிங் சூரர், புல்லில் என்ன செய்வார் என்ற கேள்விக்கு 1954இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவர் எடுத்த 12 விக்கெட் பதிலாயிற்று. பாகிஸ்தான் இங்கிலாந்து மண்ணில் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. நம் காலத்துக்கு வந்தால் யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் இருக்கிறார். வடக்கின் பாடசாலைக் கிரிக்கெட்டில் சுழற்பந்து பழகியவர், 2020 லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடி, 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காகக் களமிறங்கி, 2024இல் ஐபிஎல் மைதானத்தில் பந்து வீசினார். திறமை முதலில் தரமான, ஆபத்தில்லாத தளத்தில் ஆயிரக்கணக்கான பந்துகளை ஆட வேண்டும், புற்தரைப் பாடம் பின்னால் சேரலாம். ஐரோப்பாவின் பல நாடுகளில் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டங்களே செயற்கை ஆடுகளத்தில் நடக்கின்றன. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை 2018இல் தெற்காசியச் சமூகத்துக்கென வகுத்த செயற்திட்டத்தில் நகர்ப்புறங்களில் செயற்கை ஆடுகளம் அமைப்பது முக்கிய இடம் பெற்றது. புல் வளர்க்கப் பணமும் மழையும் இருக்கும் நாடே பரவலாக்கத்துக்கு இந்த வழியை எடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். விலை நாளுக்கு நாள் மாறுவதால் நான் எடுக்கும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. விலைமனு கையில் வந்ததும் கழகங்கள் தங்கள் தொகையை இட்டுப் பார்க்கலாம். தளம், வடிகால், விரிப்பு, பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு கழகம் தனக்காக மட்டும் போட்டு, மாரி நீங்கலாக வார இறுதிகளில் வருடத்துக்கு 70 நாள் ஆடினால், பத்தாண்டில் 700 நாள். நாள் ஒன்றுக்கு 2,850 ரூபாவுக்கு மேல் விழுகிறது. அதே ஆடுகளத்தை ஐந்து கழகங்களும் இரண்டு பாடசாலைகளும் பகிர்ந்து வருடத்துக்கு 210 நாள் ஆடினால் 2,100 நாள். பயன்பாடு கூடுவதால் விரிப்புச் சீக்கிரம் தேயும் என்று ஏற்று, இடையில் ஒருமுறை அதை மாற்ற ஆறு இலட்சத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 1,240 ரூபாவுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வீரருக்கு இது ஒரு தேநீர்க்காசு அளவுக்கு இறங்கும். அந்த ஆறு இலட்சத்தை எங்கிருந்து எடுப்பது? ஆறு ஆண்டில் மாற்ற வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒரு இலட்சம். ஐந்து கழகம் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 20,000. கழகத்தில் 25 பேர் என்றால் ஆளுக்கு வருடம் 800 ரூபா, மாதம் 67 ரூபா. இந்தத் தொகையைத் திறப்புவிழா நடந்த மாதத்திலிருந்தே தனி வங்கிக் கணக்கில் போட்டுவந்தால் அடுத்த விரிப்புக்கு எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. போடாவிட்டால், ஆறாம் ஆண்டில் ஊர் மறுபடியும் வெளிநாட்டைப் பார்த்து நிற்கும். விலையேற்றத்துக்காக ஆண்டுதோறும் அந்தத் தொகையைக் கொஞ்சம் உயர்த்துவதும் அவசியம்.

பகிர்வது என்று எழுதுவது எளிது, நடத்துவது கடினம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நம் கழகங்கள் ஊர்ப் பெருமையின் மேல் நிற்பவை. பக்கத்து ஊர்க் கழகம் தங்கள் மைதானத்தில் இறங்குவதை விரும்பாதவர்களும் உண்டு. ஆடுகளம் யாருடையது என்ற கேள்வி முதல் நாளே எழுத்தில் தீர்க்கப்பட வேண்டும். பெரும்பாலான மைதானங்கள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ பாடசாலைக்கோ உரியவை. எனவே நில உரிமையாளர், கழகங்கள், பாடசாலை மூன்று தரப்பும் கையொப்பமிட்ட உடன்படிக்கையும் நேர அட்டவணையும் வேண்டும். அதே மைதானத்தில் உதைபந்தாட்டமும் நடக்கும் என்பதை மறக்கலாகாது. வாவிக்கரையில் உதைபந்தாட்டம் கிரிக்கெட்டுக்கு இளைத்ததல்ல. உதைபந்தாட்டத் திடலின் நடுவே கொங்கிறீட் பலகையைப் பதிப்பது விழுந்தெழும் வீரர்களின் முழங்காலையும் தலையையும் பணயம் வைப்பதாகும். இரண்டு திடல்களின் இடைவெளியிலோ ஓரமாகவோ இடம் தேட வேண்டும். இடமே இல்லாத மைதானத்தில் போட்டிக்கான ஆடுகளத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் வலைப்பயிற்சிக் கீற்று ஒன்றோடு நிற்பதே நேர்மை. பகிர்ந்த இடம் எப்படி நிலைக்கும் என்பதற்கு மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்தைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கிய இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரில் அது இருக்கிறது. நகரத்துக்கே பொதுவான இடமாக அது பயன்பட்டதால்தான் அந்தப் பெயரும் பொதுச்சொத்தாயிற்று.

மென்பந்தே போதாதா என்பது இன்னொரு மறுப்பு. மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் இந்த மாவட்டத்தின் சமூக வாழ்வில் ஓர் உறுதியான இடத்தைப் பிடித்தவை. போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பின்னரும் இளைஞர்களை ஒன்றுசேர்த்து வைத்தவை. அவற்றை இகழ்ந்து பேசும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பாடசாலை அணி, மாவட்ட அணி, மாகாண அணி, தேசிய அணி என்ற ஏணி கடினபந்தில் மட்டுமே இருக்கிறது. பதினைந்து வயதில் அந்தப் பந்தைத் தொடாத பிள்ளைக்கு இருபது வயதில் கதவு மூடியிருக்கும். கடினபந்துக்குக் காலுறை, கையுறை, தலைக்கவசம் வேண்டும். அவை இல்லாமல் ஆடுவது ஆபத்து. அதனால் ஆடுகளச் செலவோடு இரண்டு முழுப் பாதுகாப்புப் பைகளின் விலையையும் திட்டத்திலேயே எழுத வேண்டும். பகிரும் ஆடுகளத்தில் பைகளும் பகிரலாம். இதில் பெண்பிள்ளைகளை மறந்துவிடக்கூடாது. 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது இலங்கை மகளிர் அணி. வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை போன்ற பாடசாலைகளின் மாணவியருக்கு அட்டவணையில் உறுதியான நேரம் ஒதுக்காத ஆடுகளம் பொதுப்பணம் பெறத் தகுதியற்றது என்றே நான் சொல்வேன். பெண்கள் வந்து போகப் பாதுகாப்பான நேரமும் ஒரு கழிப்பறையும் இல்லாமல் அந்த ஒதுக்கீடு தாளில் மட்டுமே இருக்கும்.

வறுமை மிகுந்த மாவட்டத்தில் விளையாட்டுக்கு இத்தனை இலட்சமா என்று கேட்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். குடிநீரில்லாத பாடசாலையில் ஆடுகளம் முன்னுரிமை பெறக்கூடாது. அங்கே கிணறுதான் முதலில். ஆனால் கழகங்கள் ஏற்கெனவே ஆண்டுதோறும் பணம் திரட்டுகின்றன, செலவழிக்கின்றன. விளம்பரச் சட்டைகளும் ஒலிபெருக்கியும் வெற்றிக் கிண்ணங்களும் அந்தப் பணத்தில்தான் வருகின்றன. அதில் ஒரு பகுதி நிலையான ஒன்றாக மாறட்டும் என்பதே கோரிக்கை. வாவியைப் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. செயற்கை விரிப்பு பிளாஸ்டிக், அதன் இழைகள் தேய்ந்து மழைநீரோடு வாவிக்குள் போகும். உதைபந்தாட்டச் செயற்கைத் திடல்களில் இடும் இறப்பர்த் துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை விதித்து, மாறுவதற்கு எட்டாண்டு அவகாசம் கொடுத்தது. கிரிக்கெட் விரிப்பில் அந்தத் துகள் தேவையில்லை, பரப்பும் 70 சதுர மீற்றர் மட்டுமே. இருந்தாலும் மீன்பிடியில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நீர்நிலை அருகில் இருக்கும்போது சிறிய அளவு என்று தட்டிக்கழிக்கக்கூடாது. கரையோரம் மிக நெருங்கிய மைதானங்களில் தும்பு மற்றிங்கே நிரந்தரமாக இருக்கட்டும். மற்ற இடங்களில் பழைய விரிப்பை எரிக்காமல், வாவியோரம் கொட்டாமல், நல்ல பகுதியை வலைப்பயிற்சிக்கு வெட்டி எடுத்து, மீதியைத் திருப்பி எடுக்கும் பொறுப்பை விற்பவரின் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அரசின் பங்கும் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின் தேர்தல் நடக்காமல் ஆண்டுகள் ஓடின. மாகாணத்தின் விளையாட்டு முன்னுரிமைகளைக் கேட்டு நிற்க மக்கள் பிரதிநிதிகளின் அவை இல்லாமற்போனது. வடக்கில் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, மகிழ்ச்சிக்குரியது. கிழக்குக்கும் அப்படியொன்று வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு. அதற்கு முன் ஒரு பிரதேச சபைக்கு ஒன்று வீதம் நன்றாகப் போட்ட கொங்கிறீட் தளங்கள் வந்தால், அந்தப் பெரிய மைதானம் வரும் நாளில் அதில் ஆட உள்ளூர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். நாட்டின் மிகச் செல்வம் மிக்க விளையாட்டு அமைப்பான இலங்கை கிரிக்கெட் நிறுவனம் இந்தத் தளங்களுக்குப் பயிற்றுநரையும் நடுவர்களையும் கடினபந்து லீக் போட்டியையும் தர வேண்டும். தளமும் மற்றிங்கும் ஊர் போடட்டும். இது நியாயமான பங்கீடு.

இலண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊர்க் கழகத்துக்குப் பணம் அனுப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். விரிப்புக்கென்று கேட்டால் அனுப்பாதீர்கள். தளத்தின் வரைபடம், நில உரிமையாளரின் எழுத்து அனுமதி, பகிரும் கழகங்களின் கையொப்பம், மாற்று விரிப்புக்கான வங்கிக் கணக்கின் எண் இவை நான்கும் வந்த பிறகு அனுப்புங்கள். மூன்று விலைமனுவும் செலவுக் கணக்கும் மைதானத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். கழக நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்து நிலம் இறுகும் மாசிக்கும் கச்சான் அடிக்கத் தொடங்கும் வைகாசிக்கும் இடையில்தான் கொங்கிறீட் போட ஏற்ற காலம். கச்சானில் போட்டால் ஈரம் பறந்து தளம் மயிர்க்கோடாய் வெடிக்கும், மாரியில் போட்டால் அடிமண் இளகும். வரும் மாசியில் வேலை தொடங்க வேண்டுமென்றால் இந்த மாரியிலேயே அயல் கழகங்களைக் கூப்பிட்டு உட்கார வேண்டும்.